துடைப்பம் சாத்திய வீடு

"வீ...ல்!"

திங்கள்கிழமை காலை ஒன்பதே காலுக்கு எழுந்த அந்த அலறலைக் கேட்டு, வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்த ஆறு செம்மறி ஆடுகள் தலையைத் தூக்கின.

மனிதர்கள் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதுதான் விசித்திரம்! பிஹ்லா தீவில் மேற்குக் கரையில் ஒருவன் தும்மினால் கிழக்குக் கரையில் அவனுக்குக் கம்பளிப் போர்வை தயாராகிவிடும். எஸ்தோனியக் கடலில் ஒரு புள்ளி. ஆனாலும் அது ஒரு மாவட்டம். தனி முத்திரை, தனி அலுவலகம், தனி ஜம்பம் எல்லாம் உண்டு. மொத்த ஜனத்தொகை நானூற்றுப் பதினொன்று.

அலறல் கேட்ட நிமிஷத்தில்... நானூற்றுப் பத்து.

அலறியவள் தீவுக்காரி இல்லை. கைசா. தலைநகரத்தில் புள்ளிவிவர ஆபீஸ். இருபத்தாறு வயசு. 'தீவு மக்களின் வாழ்க்கை நிலை' என்று அறுபத்து நாலு கேள்வி கொண்ட ஒரு கட்டுப் படிவத்தோடு வியாழக்கிழமை வந்தவள். வெள்ளிக்கிழமை கிளம்பிய புயல்காற்றில் போட் நின்றுபோய், வீடு வீடாகக் காபி குடித்துக்கொண்டிருக்கிறாள்.

கைசா போன் போட்ட பத்தே நிமிஷத்தில் உர்வே வந்தாள்.

உர்வே, தீவின் ஒரே போலீஸ். ஐம்பத்திரண்டு வயசு. பழைய ஜீப். அதைவிடப் பழைய சீருடை. வாய் மட்டும் எப்போதும் புத்தம் புதுசு.

"எதையாவது தொட்டியா?"

"இ... இல்லை மேடம். கதவைத் தட்டினேன். பதில் இல்லை. தள்ளினேன், திறந்துக்கிச்சு. உள்ளே..."

"இரு. வாசல்ல துடைப்பம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. கதவுக்குக் குறுக்கே சாத்தி வெச்சிருந்தாங்க. எடுத்துச் சுவரோரமா வெச்சுட்டுத்தான் உள்ளே போனேன்."

"துடைப்பத்தைப் பார்த்துட்டும் போனியா?"

"துடைப்பம் இருந்தா போகக் கூடாதா மேடம்?"

உர்வே அந்தத் துடைப்பத்தையே பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டிருந்தது.

பிஹ்லாவில் யாரும் வீட்டைப் பூட்டுவதில்லை. வெளியே போகிறவர்கள் கதவுக்குக் குறுக்கே துடைப்பத்தைச் சாத்திவிட்டுப் போவார்கள். 'வீட்டில் ஆள் இல்லை' என்று அர்த்தம். அதைத் தாண்டி ஒருத்தரும் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ராஜாவே வந்தாலும் திரும்பிப் போய்விட வேண்டியதுதான்.

வீட்டுக்குள் எண்டெல் கிடந்தார். அறுபத்தெட்டு வயசு. மீன்பிடித்து ஓய்ந்தவர். மனைவியைப் பறிகொடுத்தவர். சமையலறைத் தரையில் குப்புற விழுந்திருந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் அடுப்புக் கிளறும் இரும்புக் கம்பி.

ரத்தம் கறுத்துக் காய்ந்து மூன்று நாளாவது இருக்கும்.

"செத்தவன் எழுந்து வந்து, வெளிப்பக்கமா துடைப்பம் சாத்திட்டு, திரும்ப உள்ளே போய்ப் படுத்துக்க முடியாது" என்று முணுமுணுத்தாள் உர்வே.

பிறகு சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள்.

பிணத்தின் தலைமேல், பாதி விலகிய நிலையில், துவைத்து இஸ்திரி போட்ட துணி. மேஜையில் கறுப்பு ரொட்டி, காய்ந்துவிடாமல் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. கணப்பு முறையாக அணைக்கப்பட்டிருந்தது. பால் வாளி கழுவிக் கவிழ்த்திருந்தது. எண்டெலின் செல்லமான ஒற்றைக் காதுப் பூனையைக் காணோம்.

ஜன்னலோரப் பூந்தொட்டியில் விரலை விட்டாள்.

மண் ஈரம்!

மூன்று நாள் பிணம்... இன்று காலை ஊற்றிய தண்ணீர்!

"மேடம்..." வாசலில் இருந்து கைசா எட்டிப் பார்த்தாள். "கொலைகாரன் இன்னும் உள்ளேதான் இருக்கானா?"

"தெரியலை. ஆனா மண்டையை உடைச்சுட்டு, வாளியைத் தேய்ச்சு வெச்சு, செடிக்குத் தண்ணி ஊத்தற கொலைகாரனை நான் என் சர்வீஸ்ல பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரர் உயிரோட இருந்தவரைக்கும் ஒரு டம்ளர் கழுவினதில்லை."

போன் அடித்தது. கடல் தாண்டிய கரையில் இருந்து மேலதிகாரி.

"உர்வே! காத்து மத்தியானத்துக்குள்ள அடங்கிடுமாம். ரெண்டு மணிக்கு போட் வரும். ரெண்டு பேரை அனுப்பறேன். மூணு மணிக்குத் திரும்பும். கொலைகாரனை அதுல ஏத்திடு."

"யாருன்னே தெரியாதே சார்!"

"ஊரே நானூறு பேரு. சலிச்சா கிடைக்க மாட்டானா?"

லைன் கட்டானது.

நானூறு பேர்... அத்தனை பேரையும் உர்வேக்குத் தெரியும். அத்தனை பேர் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறாள். அவர்களில் ஒருவர்தான். வெளியூர்க்காரனுக்குத் துடைப்பம் சாத்தத் தெரியாது.



*

சல்மேயின் கடை. மளிகையும் அதுதான். தபால் ஆபீசும் அதுதான். வம்புக்குத் தலைமைச் செயலகமும் அதுதான்.

உர்வே உள்ளே நுழைந்ததும் காபி மேஜையில் உட்கார்ந்திருந்த ஆறு பேரின் பேச்சு நின்றது.

"எண்டெல் செத்துட்டான்" என்றாள்.

"அடப் பாவமே!"

ஆறு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே சுருதி. பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டு மாதிரி.

சல்மே கல்லாவுக்குப் பின்னால் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உர்வேயோடு ஒரே பெஞ்சில் படித்தவள். "வழுக்கி விழுந்திருப்பான் மனுஷன். வயசாச்சு இல்லே?"

"ஆமாமா" என்றார் மீனைப் புகைபோட்டு விற்கும் கிழவர். "சமையல்கட்டுத் தரை மொழுமொழுன்னு இருக்கும்."

உர்வே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தாள்.

"சமையல்கட்டுன்னு நான் சொல்லவே இல்லையே?"

கிழவர் காபிக் கோப்பைக்குள் முகத்தை விட்டுக்கொண்டார்.

வெளியே காற்று ஓலமிட்டது.

அப்போது கல்லாவுக்கு அடியில் இருந்து...

"மியாவ்!"

ஒற்றைக் காதுப் பூனை ஒன்று சோம்பல் முறித்தபடி வெளியே வந்தது.

"சல்மே. யாரு பூனைடி இது?"

"எ... எங்க பூனைதான்."

"உங்க பூனைக்கு ரெண்டு காது இருந்துச்சே. ஒண்ணைக் கடன் குடுத்துட்டியா?"

சல்மே ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

"பட்டினி கெடந்துச்சுடி உர்வே! வாயில்லாத ஜீவன். அதான் தூக்கிட்டு வந்தேன். துணி போத்தினதும் நான்தான். அப்படியே போட்டுட்டு வர மனசு கேக்கலை."

"வாளியைக் கழுவினது நான்" என்றது ஒரு குரல்.

"கணப்பை அணைச்சது நான். வீடு பத்திக்கிட்டா என்ன ஆகறது?"

"செடிக்கு... காலையில நான்தான்..."

உர்வே ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது.

"மூணு நாளா ஒரு பொணத்தை வெச்சுக்கிட்டு ஊரே சேர்ந்து குடித்தனம் பண்ணியிருக்கீங்க! வெட்கமா இல்லை? யாரைக் காப்பாத்தறதுக்கு?"

எல்லோர் பார்வையும் ஜன்னல் பக்கம் போனது.

ஜன்னலோரம் இருந்து ஒரு ஆள் எழுந்தார். ஆறடி உயரம். நரைத்த தாடி. ஹரால்ட், பன்னிரண்டு வருஷமாக ஊர்த்தலைவர்.

"டாக்டரைக் காப்பாத்தறதுக்கு" என்றார்.



டாக்டர் ரஸ்முஸ்! இரண்டு வருஷம் டாக்டரே இல்லாமல் கிடந்த தீவுக்கு, நாலு மாசத்துக்கு முன்னால் கரையில் இருந்து வந்த பிள்ளை.

"வெள்ளிக்கிழமை மூணு மணி" என்றார் ஹரால்ட். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேலிக்கு இந்தப் பக்கமா வந்துட்டு இருந்தேன். எண்டெல் வீட்டுக்குள்ள சத்தம். டாக்டர் வெளியே ஓடி வந்தான். கையெல்லாம் ரத்தம். காரை எடுத்துக்கிட்டுப் பறந்துட்டான்."

"நீ உள்ளே போய்ப் பார்த்தியா?"

"எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. கிட்டக்கூடப் போகலை. நேரே வீட்டுக்குப் போய் சல்மேக்கு போன் போட்டேன்."

சல்மே மூக்கை உறிஞ்சினாள். "நாலு மணிக்கு நான் போனேன். துடைப்பம் சாத்தி இருந்துச்சு. இவர் சொன்னாரேன்னு எடுத்துட்டு உள்ளே போனேன். அங்கே அவன்... ஐயோ! பழையபடி சாத்திட்டு ஓடி வந்துட்டேன். அப்புறம் எல்லாருமா கூடிப் பேசினோம்."

"பேசி?"

"பேசி என்ன... எண்டெல் கரையில இருக்கற சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லிக்கலாம்னு முடிவு பண்ணினோம்."

"போட்டே ஓடாதப்போ நீந்தியா போனான்? போலீஸ்னு நான் ஒருத்தி இருக்கேன். ஞாபகம் வந்துச்சா?"

ஹரால்ட் அவள் எதிரே வந்து நின்றார்.

"உனக்காகத்தான் உர்வே."

"என்ன?"

"உன் பொண்ணு த்ரீனுக்காக. குழந்தை கால் பக்கமா திரும்பி இருக்குன்னு நீதானே சொன்னே? வெள்ளிக்கிழமை போட்டுல கரைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தே. காத்துல நின்னு போச்சு. புருஷன் பின்லாந்துல கட்டட வேலை. டாக்டரையும் பிடிச்சுக் குடுத்துட்டா உன் பொண்ணுக்கு யாரு? எண்டெல் பொண்டாட்டி ஐனோ கதி மறந்துருச்சா? ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே மாதிரி புயல். போன் கம்பமெல்லாம் சாய்ஞ்சு போச்சு. என்கிட்ட இருந்த சாட்டிலைட் போன்ல மூணு தடவை கூப்பிட்டேன். ஹெலிகாப்டர் வந்துச்சா? விடியறதுக்குள்ள ஐனோ போயிட்டா. இன்னொரு ஐனோ வேணாம்னுதான்..."

உர்வே தலை குனிந்தாள்.

ஒரே ஒரு விநாடி... ஒரே ஒரு விநாடி அவளுக்கு அவர்கள் மேல் நன்றி பொங்கியது. அடுத்த விநாடியே தன்மேல் அருவருப்பு வந்தது.

"நான் போலீஸ்" என்றாள் கரகரப்பாக.

"நீ அம்மாவும்தான்டி" என்றாள் சல்மே.

"மூணு மணி போட்டுல டாக்டர் போறாரு. அவ்வளவுதான்."

சொல்லி வாய் மூடவில்லை. போன் அடித்தது.

"அம்மா...!" த்ரீன்! "பனிக்குடம் உடைஞ்சிருச்சும்மா! டாக்டர் வந்துட்டாரு! நீ சீக்கிரம் வா... அம்மா...!"

*

உர்வே வீட்டுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று.

டாக்டர் ரஸ்முஸ் சட்டைக் கையை மடித்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். முப்பத்து நாலு வயசு. செம்பட்டைத் தாடி. மூக்கில் இருந்து நழுவிக்கொண்டே இருக்கும் கண்ணாடி.

"வாங்க மேடம்! வெந்நீர் வேணும். சுத்தமான துணி வேணும். முக்கியமா பதறாத அம்மா வேணும்."

உர்வேயின் கோட்டுப் பையில் கைவிலங்கு கனத்தது.

அந்தக் கைகளையே பார்த்தாள். மெலிந்த விரல்கள். சுத்தமாக வெட்டிய நகங்கள். ஒரு கிழவரின் பின்மண்டையில் இரும்புக் கம்பியை இறக்கிய கைகளா இவை? இந்தக் கைகளிலா என் மகளை விடப் போகிறேன்?

விடாமல் வேறு வழி?

"குழந்தை இன்னும் திரும்பலை" என்றான் மெதுவாக, த்ரீனுக்குக் கேட்காமல். "கால்தான் முதல்ல வரும். நான் இது மாதிரி ஏழு பார்த்திருக்கேன். நம்புங்க."

"நம்பறேன்" என்றாள்.

வலி வந்தது. போனது. மறுபடி வந்தது. த்ரீன் கத்தினாள். பின்லாந்தில் இருக்கும் புருஷனைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டினாள். அரை மணி நேரம் எதுவும் நகரவில்லை.

அடுத்த வலிக்குக் காத்திருந்த இடைவெளியில் டாக்டர் நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டான்.

"மேடம், ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். இந்த ஊர்ல எல்லாரும் பெருக்கி முடிச்சதும் துடைப்பத்தை ஏன் வாசல்லயே போட்டுடறீங்க?"

உர்வேயின் கை நின்றது.

"என்ன கேட்டீங்க?"

"துடைப்பம்! காலையில ஒம்பது மணிக்கு வந்தேன். உங்க கதவுக்குக் குறுக்கே கெடந்துச்சு. காலால தள்ளிட்டு உள்ளே வந்து பார்த்தா யாருமே இல்லை. த்ரீன் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தா. நாலு மாசமா இதே கதைதான். தடுக்கி விழுந்து ரெண்டு கண்ணாடி போச்சு எனக்கு. யாரும் ஒண்ணும் சொல்லவும் மாட்டேங்கறாங்க. மொறைக்கறாங்க, அவ்வளவுதான்."

தெரியாது!

இவனுக்குத் துடைப்பம் எதற்கென்றே தெரியாது!

உர்வேயின் மூளை பரபரவென்று பின்னால் ஓடியது. மூன்று மணிக்கு டாக்டர் ஓடினான் என்றார் ஹரால்ட். நாலு மணிக்கு சல்மே போனபோது துடைப்பம் ஏற்கெனவே சாத்தி இருந்தது. ஹரால்ட் வீட்டுக்குக் கிட்டப் போகவே இல்லை என்றார். அப்படியென்றால்... முதல் தடவை அதைச் சாத்தியது யார்?

"டாக்டர், வெள்ளிக்கிழமை எண்டெல் வீட்டுக்குப் போனீங்களா?"

"போனேனே. பிரஷர் பார்க்க. மூணு மணிக்கு நீங்கதானே போன் பண்ணீங்க, த்ரீனுக்கு வலின்னு? போட்டது போட்டபடி அங்கேயிருந்துதான் ஓடி வந்தேன். அது பொய் வலி. இங்கேயே உங்க மேஜையில உக்காந்து மீனும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டேன். மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. அன்றையப் பதற்றத்தில் மணி பார்க்கத்தான் தோன்றவில்லை. பத்து நிமிஷத்தில் வந்தான். கையில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவளே பார்த்தாள்!

"எண்டெல் எப்படி இருந்தார்?"

"பிரஷர் எகிறிப் போயிருந்துச்சு. கையில ஒரு கடிதத்தை வெச்சுக்கிட்டு நடுங்கினார். அவர் பொண்டாட்டி செத்த ராத்திரி ஹெலிகாப்டர் ஏன் வரலைன்னு கேட்டு ஒரு மனு எழுதித் தரச் சொன்னார். எழுதிக் குடுத்தேன். அதுக்குப் பதில் வந்திருந்துச்சு."

"என்னன்னு?"

"அன்னிக்கு ராத்திரி பிஹ்லாவில இருந்து ஒரு அழைப்புகூட வரலைன்னு! 'ஹரால்டை வரச் சொல்லியிருக்கேன், அவன் வாயாலேயே கேக்கணும்'னார் எண்டெல். ஏன் மேடம், எண்டெல் ஊருக்குப் போயிருக்கறதா சொன்னாங்களே..."

"அம்மாஆஆ...!"

அதற்குப் பிறகு பேச நேரம் இல்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு இரண்டு சின்னக் கால்கள் வெளியே வந்தன. பிறகு இடுப்பு. பிறகு... ஒன்றும் வரவில்லை. த்ரீனின் உதடு நீலம் பாரித்தது. உர்வே தனக்குத் தெரிந்த கடவுளை எல்லாம் கூப்பிட்டாள். டாக்டரின் கை மட்டும் நடுங்கவில்லை. ஒரு திருப்பல், ஒரு அழுத்தல்...

"குவா... குவா...!"

பெண் குழந்தை!

பிஹ்லாவின் ஜனத்தொகை மறுபடியும் நானூற்றுப் பதினொன்று. உர்வே சுவரில் சாய்ந்து, சீருடையைப் பற்றிய கவலையே இல்லாமல், வாய்விட்டு அழுதாள்.

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஜீப் சாவியை எடுத்தாள்.

*

படகுத்துறை. மணி ஒன்றே முக்கால். காற்று விழுந்துவிட்டது. கடல் ஈய நிறத்தில் அசையாமல் கிடந்தது. தூரத்தில் போட் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

துறை விளிம்பில் ஹரால்ட் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். கையில் போட்டை இழுக்கும் இரும்புக் கொக்கிக் கழி.

"என்ன உர்வே, பேரனா பேத்தியா?"

"பேத்தி."

"நல்லது! ரெண்டு உசுரும் பொழைச்சுதே, போதும். டாக்டர் எங்கே? விலங்கு போட்டுட்டியா?"

"போடத்தான் போறேன். ஒரே ஒரு சந்தேகம். வாக்குமூலத்துல எழுதணும். டாக்டர் ஓடி வந்தப்போ துடைப்பத்தைச் சாத்தினதைப் பார்த்தியா?"

ஹரால்ட் தயங்கவே இல்லை. "பார்த்தேன். அவசர அவசரமா சாத்திட்டுத்தான் ஓடினான்."

"ரத்தக் கையோட?"

"ரத்தக் கையோட."

"துடைப்பத்துல ஒரு துளி ரத்தம் இல்லையே ஹரால்ட்."

கழி ஒரு நொடி நின்றது.

"அது மட்டுமில்லை. துடைப்பம் எதுக்குன்னே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நாலு மாசமா ஊர்ல இருக்கற துடைப்பத்தை எல்லாம் உதைச்சுத் தள்ளிட்டு, ஆளில்லாத வீட்டுக்குள்ள போய் 'யாராவது இருக்கீங்களா'ன்னு கேட்டுக்கிட்டு நிக்கறான். அன்னிக்கு எண்டெல் வீட்டை விட்டுக் கடைசியா வெளியே வந்தவன் இந்த ஊர்க்காரன். அவனைத்தான் எண்டெல் வரச் சொல்லியிருந்தான். ஒரு கடிதத்தைப் பத்தி."

ஹரால்ட் நிமிர்ந்தார். முகத்தில் இருந்த ஊர்த்தலைவரைக் காணோம். வேறு யாரோ நின்றுகொண்டிருந்தார்.

"கடிதம் சாம்பலாயிடுச்சு" என்றார் மெதுவாக.

"ஐனோ செத்த ராத்திரி நீ கூப்பிடவே இல்லை. அப்படித்தானே?"

"சார்ஜ் இல்லை!" கத்தினார். "சாட்டிலைட் போன்ல சார்ஜ் இல்லை உர்வே! வயரைச் சொருக மறந்துட்டேன். அவ்வளவுதான் நான் செஞ்ச தப்பு. எண்டெல் மழையில நனைஞ்சுக்கிட்டு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். மறந்துட்டேன்னு அவன்கிட்ட எப்படிச் சொல்ல? கூப்பிட்டுட்டேன், வர்றாங்கன்னு சொன்னேன். சொன்னதை மாத்த முடியலை. ரெண்டு வருஷமா அவனோட உக்காந்து, வராத ஹெலிகாப்டரைத் திட்டிக்கிட்டு இருந்தேன்!"

"வெள்ளிக்கிழமை?"

"கடிதத்தைக் காட்டினான். ஊரைக் கூட்டப் போறேன்னான். திரும்பி நடந்தான். கம்பி கையில இருந்துச்சு..." ஹரால்ட் தன் கையையே வெறித்தார். "வெளியே வந்து கதவைச் சாத்தினேன். துடைப்பத்தை வெச்சேன். வெச்சதே எனக்குத் தெரியாது. அறுபது வருஷப் பழக்கம். வீட்ல உசுரோட ஆளில்லை. கை அதுபாட்டுக்குச் சாத்திருச்சு."

"அப்புறம் உன் மூளை வேலை செஞ்சுது. வேற யார் பேரைச் சொல்லியிருந்தாலும் ஊர் அவனைப் பிடிச்சு என்கிட்ட குடுத்திருக்கும். யாரை இழக்கவே முடியாதோ அவன் பேரைச் சொன்னா, ஊரே சேர்ந்து பொணத்தை மூடி மறைக்கும்! என் பொண்ணோட வயித்தையும் கணக்குல சேர்த்துக்கிட்டே. அடப் பாவி!"

ஹரால்ட் ஒரு அடி முன்னால் வந்தார். கழியின் கொக்கி மெல்ல உயர்ந்தது.

"துறை பூரா பாசி உர்வே. தண்ணி அஞ்சு டிகிரி. வழுக்கி விழுந்தா மூணு நிமிஷம்கூடத் தாங்காது. யாரு பார்த்தா?"

உர்வே பின்னால் ஒரு அடி வைத்தாள். குதிகாலுக்குக் கீழே பலகை முடிந்துவிட்டது.

"நா... நான் பார்த்தேன்."

பயணிகள் காத்திருக்கும் கொட்டகையின் கதவு கிறீச்சென்று திறந்தது. சூட்கேஸும் படிவக் கட்டுமாகக் கைசா நின்றிருந்தாள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"போட்டுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பேசினதை எல்லாம்... எழுதிக்கிட்டேன். ஐனோன்னா ரெண்டு சுழியா, மூணு சுழியா மேடம்?"

கடலில் இருந்து போட்டின் ஹாரன் நீளமாக ஒலித்தது.

ஹரால்ட் அவளைப் பார்த்தார். போட்டைப் பார்த்தார். கழி கையில் இருந்து நழுவிப் பலகையில் உருண்டது. ஆறடி உயரமும் அப்படியே சரிந்து கயிற்றுக் குவியல்மேல் உட்கார்ந்தது.

"ரெண்டு சுழி" என்று சொல்லிக்கொண்டே உர்வே விலங்கைப் பூட்டினாள்.

*

இரண்டே முக்காலுக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கரையில் இருந்து வந்த இரண்டு பேர் ஹரால்டை போட்டில் ஏற்றி உட்காரவைத்தார்கள். துறையில் கூட்டம். எல்லோரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

டாக்டருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

கார் சீறிக்கொண்டு வந்து நின்றது. ரஸ்முஸ் இறங்கினான். முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது.

"மூணு நாளா நான் கொலைகாரன்னு நெனைச்சுக்கிட்டு இருந்தீங்களா? எல்லாரும்?"

அவன் கண் கூட்டத்தில் சல்மேயைத் தேடிப் பிடித்தது.

"நேத்துகூட என் வீட்டுக்கு வந்து ஊசி போட்டுக்கிட்டீங்களே சல்மே! கொலைகாரன்கிட்ட கையை நீட்டினீங்களா?"

"நீங்க போட்டா வலிக்கறதே இல்லை டாக்டர்" என்றாள் சல்மே பரிதாபமாக.

"எனக்கு நீங்க கொண்டு வந்து குடுத்த கேக்?"

"கோபம் வந்தா நீங்க எங்களையும் ஏதாவது பண்ணிடப் போறீங்களேன்னு..."

"போதும்! இது ஊரா? பைத்தியக்கார ஆஸ்பத்திரி! இனிமே ஒரு நாள் இங்கே இருக்க மாட்டேன். இதே போட்டுல போறேன். பெட்டியை எடுத்துக்கிட்டு வர்றேன்!"

கார் புழுதி கிளப்பித் திரும்பிப் போனது.

கூட்டம் மொத்தமும் மெல்ல உர்வேயின் பக்கம் திரும்பியது. மீன்காரக் கிழவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். ஒரு கர்ப்பிணிப் பெண் தன் வயிற்றின்மேல் கை வைத்துக்கொண்டாள்.

உர்வே சாலையைப் பார்த்தாள். அந்தச் சாலையின் கடைசியில் அவள் வீடு. வீட்டில் பிறந்து இரண்டு மணி நேரமே ஆன ஒரு உயிர். அதற்கு ஜுரம் வரும். இருமல் வரும். பல் முளைக்கும். இந்தக் கடலில் இன்னும் எத்தனை புயல் வரும்?

அவள் சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு போட்டுக்குள் ஏறினாள். கேப்டன் லெம்பித் இன்ஜினைச் சூடேற்றிக்கொண்டிருந்தான். பிறந்தது பிஹ்லா. பிரஷர் மாத்திரை வாங்குவது டாக்டர் ரஸ்முஸிடம்.

"லெம்பித், டாக்டர் வருவாரு. போட்டுல இடமில்லைன்னு சொல்லிடு."

லெம்பித் திரும்பி, காலியாகக் கிடந்த நாற்பது இருக்கைகளையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு சட்டம் ஒழுங்கின் ஒரே பிரதிநிதியான உர்வேயின் முகத்தைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான்.

"சரிக்கா... எந்த வருஷம் வரைக்கும் இடமில்லை?"